செப்பேடும் புதினமும் திரையும்



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்த புதினம். மணிரத்தினம் அதனை இரு படங்களாக்கி 2022-இலும் 2023-இலும் வெளியிட்டார். புதினம் சிறந்ததா, படம் சிறந்ததா என்னும் வழக்கு தேநீர்க்கடை வரை வந்துவிட்டது. குதிரைகளையும் அணிகலன்களையும் எண்ணித் தீர்ப்புச் சொல்வோரும் உளர்! அவ்வழக்கின் முதற்சான்று திருத்தணி மலைக்கு அருகே, திருவாலங்காட்டில் கிடைத்தது என்பதை எண்ணியவர் எத்தனை பேர்?

1905-இல் கிடைத்த அந்த 31 ஏடுகள் இராசேந்திர சோழன் காலத்தவை. ஆதித்த கரிகாலன் மறைந்தபின் மக்கள் அருண்மொழியையே அரசனாக வேண்டினர். சிற்றப்பன் அரசை விரும்பியிருக்கும்வரை அருண்மொழி அதனை மனத்தாலும் விழையவில்லை என்கிறது செப்பேடு. ஐந்து பாகப் புதினம் நிற்பது இச்செய்தியின் மேல்தான்.

சிற்றப்பனின் ஆசையைச் செப்பேடு மறைக்கவில்லை. கல்கிக்கோ அஃது உறுத்தியது போலும். ஆசைகொண்ட மதுராந்தகன் குழந்தைப் பருவத்தில் மாறி வளர்ந்தவன் என்று கதையைத் திருப்பி, பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனை உண்மை இளவரசனாக்கி, அவன் தலையில் முடியை ஏற்றினார். படிப்போர் மனம் குளிர்ந்தது. வரலாற்றின் கூர்மை மழுங்கிற்று. ஆசையற்றவனுக்கு விட்டுக்கொடுப்பதினும், ஆசையை அறிந்தே ஒருவனுக்கு விட்டுக்கொடுப்பதன்றோ அரிது! திரைப்படம் அந்த ஆள்மாற்றத்தைக் கைவிட்டு, அரசுக்கு ஏங்கிய மதுராந்தகனுக்கே முடிசூட்டுகிறது. இவ்வோரிடத்தில் புதினத்தினும் படமே செப்பேட்டை நெருங்குகிறது. படத்தை இகழ்வோர் இதனையும் ஒப்புதல் நேர்மை.

ஆயினும் கல்கி செய்த ஒன்றைப் படம் செய்யவில்லை. அவர் நடையில் வடசொல் மலிந்திருப்பது உண்மை. ஆனால், கதையை நிறுத்தி, இது செப்பேட்டில் உள்ளது, இது கல்வெட்டில் உள்ளது என்று சுட்டுவார். திரையில் அச்சுட்டுவிரல் இல்லை. சுட்டுவிரல் இருந்தால் காண்பவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கரிகாலனைக் கொன்றோராக உடையார்குடிக் கல்வெட்டு கூறும் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் புதினமும் படமும் பாண்டியர்க்காகச் சதிசெய்யும் கூட்டமாகவே காட்டுகின்றன. கல்வெட்டிலோ பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்' என்னும் பட்டம் இருக்கிறது. சோழர் பெயர் தாங்கிய பட்டம்! பகை வெளியிலிருந்து மட்டுமா வந்தது என்னும் கேள்வி அங்கே எழுகிறது. திரை பார்த்துத் திரும்புவோர்க்கு அக்கேள்வி எழ வழியில்லை.

இன்னொன்று. திருவாலங்காட்டு ஏடுகளில் 10 வடமொழி, 21 தமிழ். அரசகுலப் பெருமையும் முடியை விட்டுக்கொடுத்த செய்தியும் வடமொழியில் உள்ளன. பழையனூரைக் கோயிலுக்கு வழங்கிய ஆணையும் அவ்வூரின் எல்லையும் தமிழில் உள்ளன. புதினமும் படமும் வடமொழிப் பகுதியின் கதையையே எடுத்துக்கொண்டன; தமிழ்ப் பகுதியை இரண்டும் தொடவில்லை. ஓர் ஊரின் எல்லை இன்னதெனத் தமிழில் எழுதிவைத்த அவ்வேடுகள் கிடைத்த வட்டாரத்திலேதான், 1960 ஏப்பிரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எல்லைப் போராட்டம் நடந்தது.