முகப்பிசை தந்த அகதி



கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையானாலும் சரி, துறையூர்ப் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, வானொலி வைத்திருந்த வீடுகளில் காலையில் முதலில் கேட்டது ஒரு முகப்பிசை. தம்புராவின் சுருதிமேல் மெல்ல எழும் அந்த வயலின், சிவரஞ்சனி ராகத்தின் சாயல் கொண்டது. அதை அமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு இந்தியாவுக்கு வந்த யூதர்.

இன்றைய செக் நாட்டில் 1907இல் பிறந்தவர் அவர். பெர்லினில் இசை பயின்றார். 1934இல் பம்பாயில் வந்திறங்கினார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியின் இசைப் பிரிவில் பணிபுரிந்தார். அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் தங்கை மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளையும் நாஜிகள் கொண்டுபோனார்கள்; ஒருவரும் திரும்பவில்லை. நாம் கேட்ட இசைக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பக் கதை இருக்கிறது.

பிராக் நகரத்து இலக்கிய இதழாளர் வில்லி ஹாஸும் 1939இல் அகதியாகப் பம்பாய்க்கு வந்தார். அங்கே திரைப்பட இயக்குநர் மோகன் பவ்னானியின் படங்களுக்குக் கதை எழுதிப் பிழைத்தார். காஃப்கா தனக்கு எழுதிய கடிதங்களை மிலெனா என்ற பெண் ஒப்படைத்திருந்தது இந்த ஹாஸிடம்தான். போர் முடிந்து ஐரோப்பா திரும்பியபின், 1952இல் அவற்றை அவர் நூலாக்கினார். மிலெனா 1944இலேயே நாஜி முகாமில் இறந்துபோயிருந்தார்.

இப்படி அகதியாக வருவது எளிதாக இருக்கவில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாணர் தேடிப்போனதைப் புறநானூற்றில் படிக்கிறோம். வந்தவர்களிடம் அவன் ஜாமீன் கேட்டதாகப் பாட்டில்லை. பிரிட்டிஷ் இந்தியா கேட்டது. அகதி அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று பம்பாயின் யூத நிவாரணச் சங்கம் உறுதி தரவேண்டியிருந்தது. 1939இல் போர் மூண்டதும் நிலைமை இன்னும் மோசமானது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்களில் பலரும், நாஜி ஆதரவாளர்களும், முதலில் ஒரே முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

இந்த வரலாற்றைத் தேடி எடுத்தவர்களில் ஒருவர் இலக்கிய ஆய்வாளர். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் பேராசிரியராக இருந்த அனில் பட்டி, வரலாற்றாசிரியர் யோஹன்னஸ் ஃபோக்ட்டுடன் சேர்ந்து, 1933 முதல் 1945 வரை இந்தியாவில் யூதர்களின் புகலிட வாழ்வு பற்றிய கட்டுரைத் தொகுப்பை 1999இல் வெளியிட்டார்.

இதில் இலக்கியம் படித்தவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கப்பல் வந்த தேதி, விசா, முகாமில் இருந்த நாட்கள், இவையெல்லாம் அரசுக் கோப்பில் கிடைக்கும். ஊரில் விட்டுவந்த தாயிடமிருந்து கடிதம் நின்றுபோனால் மகன் என்ன ஆவான் என்பதை எந்தக் குமாஸ்தாவும் எழுதிவைப்பதில்லை. அதை எழுதியவர் நாவலாசிரியர் அனிதா தேசாய். அவருடைய தாய் ஜெர்மானியர். 1988இல் வந்த ‘பாம்கார்ட்னர்ஸ் பாம்பே’ நாவலில், பெர்லினிலிருந்து தப்பிவந்த யூதர் ஒருவர் இந்திய முகாமில் அடைபடுகிறார். தாயின் அஞ்சலட்டைகள் ஒருகட்டத்தில் வராமலே போகின்றன. அரசுக் கோப்பையும் நாவலையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான், ஆசியாவில் உயிர்பிழைத்தவர்கள் எதைச் சுமந்தார்கள் என்பது பிடிபடுகிறது. அவர்கள் கொலைமுகாமைக் கண்ணால் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு, தங்கள் மக்கள் அழிவதைச் செய்தியாகவும் மௌனமாகவும் அறிந்தவர்கள்.

காஃப்மன் பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானார். தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976இல் பெரிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். புகலிடம் தந்த மண்ணின் இசையை அவர் கடைசிவரை விடவில்லை.

யூதர்களின் அழிவுக்கு நிகர் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அகதியின் சொல்லைத் தேடிப் படிக்கும் இந்த முறை நமக்கும் வேண்டும். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களின் கடிதங்களையும் பாட்டுகளையும், பாட்டிமார் சொல்லும் ஊர்க்கதைகளையும் பதிவு செய்ய நம் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் போகலாம். ஐம்பது ஆண்டு கழித்து யாராவது தேடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். சொல்லக்கூடியவர்கள் இப்போது இருக்கிறார்கள்.