‘குண்டு’ன்னு கூப்பிட்டா குழந்தை மெலியுமா?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். உடல் பருமனுக்கு சிகிச்சை ஆரம்பிக்கிற குழந்தைகள்ல பலர் ஏன் பாதியிலேயே நிறுத்திடறாங்க?

“வாயைக் கட்ட முடியல, சோம்பேறி.” வீட்டுல வர்ற பதில் பெரும்பாலும் இதுதான். நான் இதை ஏத்துக்கல.

ஒரு பத்து வயசுப் பையனை நினைச்சுக்கோங்க. கிளாஸ்ல அவன் பேரு ‘பூசணி’. கல்யாண வீட்டுல ஒரு அத்தை, “எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க?”ன்னு சிரிக்கிறாங்க. கிளினிக்ல எல்லார் முன்னாடியும் எடை பார்த்து, நம்பரை சத்தமா வாசிக்கிறாங்க. அடுத்த தடவை அவன் “வயித்து வலி, வரல”ன்னு சொன்னா, அவமானத்துக்குப் பயந்து ஒதுங்குறான்னு அர்த்தம். கேலி கேட்டா மனசு வலிக்குது. அந்த வலிக்குச் சாப்பாடுதான் ஆறுதல். பி.டி. பீரியட்னாலே பயம். எடை கூடுது, கேலியும் கூடுது.

2022-ல உலகம் முழுக்க 5 முதல் 19 வயசுக்குள்ள சுமார் 16 கோடி பேர் உடல் பருமனோட இருந்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3 முதல் 12 மாசத்துக்குள்ள குறைஞ்சது 26 மணி நேரம் குடும்பத்தோட நேர்ல உட்கார்ந்து செய்யற சிகிச்சை தேவை. அவ்வளவு தடவை வரணும்னா, வர்ற இடம் அவனை மதிக்கணும் இல்லையா?

அப்போ நாம என்ன செய்யலாம்? அவனுக்கு மட்டும் கேழ்வரகுக் கஞ்சி, தம்பிக்குப் பரோட்டான்னா அது தண்டனை. எல்லாருக்கும் ஒரே சமையல் பண்ணுங்க. “ஓடு”ன்னு அதட்டாம, சீசன்ல குடும்பமா வேடந்தாங்கல் போங்க. ஏரிக்கரையில பைனாகுலரோட கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் தேடி நடக்கும்போது யாரும் கலோரி எண்ண மாட்டாங்க. டாக்டர்கிட்ட, “எடையைத் தனியா வச்சுப் பாருங்க”ன்னு தயங்காம கேளுங்க. வளர்ற வயசுல, எடை அப்படியே நின்னு உயரம் கூடினாலே பல குழந்தைகளுக்கு முன்னேற்றம்தான். அதை அவன்கிட்டயும் சொல்லுங்க.

தூக்கம் கெட்டு, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசாம, ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு சொன்னா, மனநல ஆலோசனையும் சிகிச்சையோட சேரணும். டெலி மானஸ் எண் 14416. இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

உங்க வீட்டுல ஒரு குழந்தைக்கு இப்படிப் பட்டப்பேர் இருந்தா, இன்னைக்கே அதை நிறுத்துங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.