திடீர்ப் பீதி என்னும் நோய்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வைத்திய விஷயம் பேச நான் வைத்தியனல்லேன். ஆயினும், என் தமக்கை மகன் மூன்றாண்டுகள் பட்ட பாட்டை உடனிருந்து கண்டவனாதலின், அதனை நம்மவரறியச் சொல்லுதல் கடமையென்று துணிந்து நிற்கின்றேன்.

அவனுக்கு அப்போது வயது 26. ஒருநாட் காலை மதுரையில் பஸ்ஸேறி உத்தியோகத்திற்குச் செல்லுங்கால், யாதொரு காரணமுமின்றி மார்பு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டிற்று, உடல் வேர்த்தது, விரல்கள் மரத்துப்போயின. உயிர் போகின்றதென்றே எண்ணி, நடுவழியிலிறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ” என்றனர். நான்கு மாதங்களுள் இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது.

இந்த “ஒன்றுமில்லை” என்னும் சொல்லே பெருங்கேடு விளைத்தது. இருதயத்தில் ஒன்றுமில்லையென்பது மெய். அவனுக்கு ஒன்றுமில்லையென்பது மெய்யன்று. சுற்றத்தாருள் சிலர் சோம்பலென்றனர்; சிலர் காற்றுச்சேஷ்டையென்று மந்திரிக்க அழைத்துச் சென்றனர்.

ஆங்கில வைத்தியர் இதனைப் ‘பேனிக் அட்டாக்’ என்பர். வெறிநாய் துரத்துங்கால் நம்முடலில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் பெருகி, ஓடுதற்கும் எதிர்த்தற்கும் வேண்டிய வேகத்தைத் தருகின்றது. வால்டர் கானன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1915-ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு நூலில் விளக்கியுள்ளார். பீதிநோயிலோ நாயில்லை, வேகம் மட்டும் எழுகின்றது. மூச்சு மிக விரைவதனால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைகின்றது. விரல் மரப்பதும் தலை சுழல்வதும் பெரும்பாலும் அதனாலேயே. காற்றுப் போதவில்லையென்று நினைத்து இன்னும் விரைந்து மூச்சுவிடுவான். துன்பம் இன்னும் மிகும். பெரும்பாலும் பத்து நிமிஷங்களுள் உச்சத்தையடைந்து, பின் தானே தணியும்.

இது புதுநோயன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட சிப்பாய்கள் பலர் மார்புத் துடிப்பாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தியதை ஆராய்ந்து, டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871-இல் எழுதினார். அவருள் பலருக்கு இருதயத்திற் பழுது காணப்படவில்லை. அமெரிக்க மனோவைத்தியர் பீதிநோயைத் தனி நோயாகத் தம் பட்டியலிற் சேர்த்தது 1980-இல்தான்.

எனினும் ஓர் எச்சரிக்கை. மார்புவலியெல்லாம் பீதியென்று வீட்டிலிருந்தபடியே தீர்மானித்தல் கூடாது. முதன்முறை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். தைராய்டுக் கோளாறும் இவ்வாறே படபடப்பை உண்டாக்கும்.

பீதியினுங் கொடியது, அது மீண்டும் வருமோ என்னும் அச்சம். என் மருமகன் முதலிற் பஸ்ஸைவிட்டான்; பிறகு கடைத்தெருவை; பிறகு கோயிற் கூட்டத்தை; முடிவில் உத்தியோகத்தையே விட்டான். நாங்களோ அன்பென்று கருதி, அவன் வாசற்படி இறங்கும்போதெல்லாம் ஓராளைத் துணையனுப்பினோம். துணையின்றிச் சென்றால் ஆபத்தென்று நாங்களே அவனுக்குக் கற்பித்துவிட்டோம் என்பது பின்னரே விளங்கிற்று.

மனோவைத்தியரிடம் செல்ல ஓராண்டு தாமதித்தோம். காரணம் சொல்ல வெட்கமாகவுள்ளது. அவன் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். இச்சபையில் எத்தனை வீடுகளில் இப்படி ஒருவர் கதவடைத்து உட்கார்ந்திருக்கின்றனரோ! வெளியே சொல்லத் தயங்குவோர்க்கு, மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை உண்டு, எண் 14416.

மனோவைத்தியர் மருந்து கொடுத்தார். அது பலிக்கச் சில வாரங்களாயின. உடனே அமைதி தரும் மாத்திரைகள் வேறு உள. அவை பழக்கமாகிவிடுமென்று எச்சரித்தார். மருந்தினும் மிகுதியாக உதவியது பயிற்சி. படபடப்பு வந்தால் ஓடாமல், அது தணியுமட்டும் அவ்விடத்திலேயே இருக்கக் கற்பித்தனர். முதல் வாரம் ஒரு ஸ்டாப் தூரம் பஸ்ஸிற் சென்றான். அடுத்த வாரம் இரண்டு. ஆறு மாதங்களில் ஊர் முழுதுஞ் சுற்றினான்.

சென்ற தை மாதம் என் பேத்தியின் காதணி விழாவிற்கு மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குத் தனியே வந்தான். வழியில் எப்படியிருந்ததென்று மெல்லக் கேட்டேன். “சாத்தூரில் மார்பு அடித்தது, மாமா. இறங்கவில்லை. கோவில்பட்டி வருமுன் அடங்கிவிட்டது” என்று சொல்லிவிட்டு, பந்தியில் இலை போடப் போய்விட்டான்.