அந்த 'ஆனாலும்' எதற்கு?



"முஸ்லிமானாலும் தமிழில் எப்படிப் பாடியிருக்கிறார், பாருங்கள்!" குணங்குடி மஸ்தான் சாகிபு பற்றிப் பேச்சு வந்தால் மேடைக்கு மேடை இந்தப் பாராட்டுத்தான். அந்த 'ஆனாலும்' எதற்கு? தாயுமானவரைப் பற்றி, 'சைவரானாலும் நன்றாகப் பாடினார்' என்று யாராவது சொல்வதுண்டா?

1792-இல் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர்தான் இந்த மஸ்தான் சாகிபு. கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி கற்றவர். மாமன் மகளைக் கட்டிவைக்க வீட்டார் நினைத்தபோது, பதினேழு வயதில் துறவு பூண்டார். 1813-இல் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை. பிறகு திருப்பரங்குன்றத்து சிக்கந்தர் மலையில் 40 நாள் தனிமைத் தவம். இன்று செய்தித்தாளில் மதச் சண்டையாகக் கண்ணில் படுகிறதே, அதே மலைதான். அவர் அங்கே ஏறியது வாய்மூடி இருப்பதற்கு!

ஊரூராகத் திரிந்து வடசென்னை சேர்ந்தார். 1838-இல் மறைந்தார். 'தொண்டியார்' இருந்ததால் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவர் பிறப்பதற்கு வெகு முன்பே, 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த ஊர் அது. இல்லாத பெருமை அவருக்கு வேண்டாம்.

இருக்கிற பெருமையைப் பாருங்கள். ஆழ்வார், நாயன்மார் பாட்டில் இறைவன் நாயகன், பாடுகிறவர் நாயகி. மனோன்மணிக் கண்ணியில் மஸ்தான் அதைத் தலைகீழாக்கினார். இறைவனே காதலி, ஏங்குகிறவர் இவர். அரபு, பாரசீக சூஃபிகள் இறைவனைக் காதலி லைலாவாகத் தேடிய வழி அது. 'மனோன்மணி' என்ற பெயரோ நம் சைவ யோக வழக்கில் இருந்து வந்தது. கீழக்கரைக் கல்வி அவர் தமிழுக்குக் குறுக்கே நிற்கவில்லை ஐயா, தமிழுக்குப் புதுவழி திறந்தது!

ஆனால் ஒரு சாரார், 'அவர் சித்தர், முஸ்லிமே அல்ல' என்கிறார்கள். இன்னொரு சாரார், 'மனோன்மணி மார்க்கத்தில் உண்டா?' என்கிறார்கள். பாக்தாத் ஞானி அப்துல் காதிர் ஜீலானியைப் போற்றும் முகியித்தீன் சதகமும் அகத்தீசர் சதகமும் பாடியது ஒரே வாய் என்பது இருவருக்கும் கசக்கிறது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையருக்குக் கசக்கவில்லை. அந்தப் புலவர், இந்தப் பக்கிரியைப் பாட்டுடைத் தலைவராக்கி நான்மணிமாலையே பாடினார்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களே, பாதையோரக் கடையில் சித்தர் பாடல் புத்தகம் வாங்கினால் பொருளடக்கத்தைப் பாருங்கள். குணங்குடியார் இருந்தால், முகியித்தீன் சதகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முழுத் திரட்டு வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.