உழைப்பவர் முகம்



அரசன் முகத்தைக் காசில் பொறித்தார்கள். செல்வன் முகத்தை ஓவியத்தில் தீட்டினார்கள். கோயிலுக்குக் கல் சுமந்தவன் முகம் எங்கே? ஏரி வெட்டியவள் முகம் எங்கே? வரலாறு அவர்தம் கைகளை வாங்கிக்கொண்டு முகங்களை விட்டுவிட்டது. ஒளிப்படக் கருவி வந்த பின்னரே அம்முகங்களுக்கும் ஓரிடம் கிட்டியது. அஃது எத்தகைய இடம் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கருவி கைக்கு வந்ததும் ஆள்வோர் செய்ததென்ன? 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், வெள்ளையர் அரசு 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் பெயரில் எட்டு மடலங்களை வெளியிட்டது. பூச்சிகளைக் குத்தி வைத்துப் பெயர் ஒட்டுவதுபோல், மாந்தரைக் குலமென்றும் குடியென்றும் வகை பிரித்து ஒட்டினர். அப்படங்களில் மக்கள் உண்டு. மக்களுக்குரிய மதிப்பு இல்லை.

செருமனியில் ஆகசுட்டு சாண்டர் என்பார் வேறு வழி கண்டார். 1876இல் பிறந்த அவர் சுரங்கத் தச்சர் ஒருவரின் மகன். இளமையில் தாமும் சுரங்கத்தில் உழைத்தவர். ஊர் ஊராக மிதிவண்டியில் சென்று, வழியில் கண்ட உழவரையும் தொழிலாளரையும் படமெடுத்தார். அவரது பெரிய கருவிக்கு விரைவு தெரியாது. எதிரே நிற்பவர் சற்று நேரம் அசையாமல் நின்றாக வேண்டும். எனவே, தாம் படமெடுக்கப்படுவதை அறிந்து, தாம் விரும்பியவாறே அவர் நின்றார். 1928இல் எடுத்த படத்தில், தோளில் செங்கற் சுமையோடு நிற்கும் கட்டட வேலையாளைப் பாருங்கள்! அரசனுக்கும் அப்படியொரு நிமிர்வு வாய்த்ததில்லை.

1929இல் அறுபது படங்களை அவர் நூலாக்கினார். ஆரிய இன மேன்மை பேசிய இட்லர் ஆட்சி, 1936இல் அந்நூலைப் பறித்து, அதன் அச்சுத்தகடுகளை அழித்தது. ஆட்சியை எதிர்த்த அவர் மகன் 1934இல் சிறைப்பட்டு, 1944இல் சிறைக்காலத்திலேயே மாண்டான். உள்ளதை உள்ளவாறு காட்டும் எளியோர் முகத்திற்குக் கொடுங்கோலர் எவ்வளவு அஞ்சினர் என்பதைக் காணுங்கள்!

இனி, அமெரிக்காவிற்கு வருவோம். 1936இல், கலிபோர்னியாவின் நிபோமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிக் கிடந்தோரிடையே ஒரு தாயைத் தொரொத்தியா இலாங்கு அம்மையார் படமெடுத்தார். அத்தாய்க்கு அகவை 32. உலகெங்கும் அறியப்பட்ட படம் அது. செய்தித்தாளில் அது வெளிவந்தபின் அம்முகாமிற்கு உணவு அனுப்பப்பட்டது. அத்தாயின் குடும்பமோ அதற்குள் இடம் பெயர்ந்துவிட்டது. இலாங்கு அம்மையார் ஈர நெஞ்சினர். அரசுச் சம்பளத்திற்கு எடுத்த அப்படத்தை விற்றுப் பொருள் சேர்த்தவருமல்லர். ஆயினும், அத்தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்னும் அப்பெயர் உலகிற்குத் தெரிய 1978 வரை ஆயிற்று. தம் முகத்தால் தமக்கொரு காசும் பயனில்லை என்று அப்போது அவர் மனம் கசந்து கூறினார்.

இளந்தோழர்களே! இன்று உங்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு கருவி உள்ளது. தார் கொதிக்கும் சாலையில் சல்லி கொட்டும் பெண்ணை, கூடையில் மீன் சுமக்கும் பாட்டியை, கண்ணிமைக்கும் நேரத்தில் படமெடுத்துவிடுகிறீர்கள். "கேட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடுமே" என்கிறீர்கள். சாண்டரின் செங்கற் சுமையாளர் அறிந்தேதான் நின்றார். அறிந்து நின்றதனாலன்றோ அவ்வளவு நிமிர்ந்து நின்றார்! அறியாமல் எடுத்த படத்தில் அவரது களைப்பு மட்டுமே கிட்டும். அறிந்து நிற்கையில்தான் அவர் தம்மைத் தாமே காட்டுவார்.

ஆதலின், முதலில் இசைவு கேளுங்கள். வேண்டாமென்றால் வணங்கி விலகுங்கள். பெயரையும் தொழிலையும் கேட்டு, அவர் ஒப்பினால் படத்தின்கீழ் எழுதுங்கள். சாண்டரும்கூடப் பல படங்களில் தொழிலை மட்டுமே குறித்தார், பெயரை விட்டார். அக்குறையை நீங்கள் நிறைவு செய்யுங்கள். படத்தின் படி ஒன்றை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அப்படத்தால் பரிசோ பணமோ வருமாயின், அதில் அவருக்கும் பங்குண்டு என்பதை மறவாதீர்கள்.

உழைப்பவர் வியர்வையை ஊரார் எடுத்துக்கொண்டது போதும். அவர் முகமேனும் அவருடையதாக இருக்கட்டும்!