வலியும் தலையெழுத்தும்



தேய்ந்துபோன முழங்கால் மூட்டை மாற்றி, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மூட்டு வைக்கும் சிகிச்சை இன்று சாதாரணமாய் நடந்துவருகிறது. ஆனால் அதன்பின் வரும் வலியைப்பற்றி நம்மவர்களுக்குள்ள எண்ணந்தான் விபரீதமாயிருக்கிறது. "பட்டுத் தீரவேண்டியது தலையெழுத்து" என்பார் சிலர். "மாத்திரை தின்னாமல் பொறுப்பதே வீரம்" என்பார் சிலர்.

இந்த வீரத்தினால் என்ன பலன் என்று நாம் கேட்கிறோம். வலிக்குப் பயந்து காலை மடக்காமலும் நீட்டாமலும் கிடந்தால், உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துப்போகும். செலவழித்த பணமும் பட்ட பாடும் வீணாகும். ஆகவே வலியை அடக்குவது சொகுசுக்காக அல்ல, நடப்பதற்காகவேயாகும்.

1846-ல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுக்க, நோயாளி வலியறியாமல் ஆப்பரேஷன் நடந்தது. வலி விதியல்ல என்பது அன்றே ருசுவாகிவிட்டது.

டாக்டர் சொன்ன மாத்திரையை, வலி முற்றியபின் தேடாமல், மணிப்படி சாப்பிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வையுங்கள். தலையணையை முழங்காலுக்கடியில் வைத்தால் கால் மடங்கியே பழகிவிடும், குதிகாலுக்கடியில் வையுங்கள். அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கும் மாத்திரை வேண்டாம். அது குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சலோ, சீழோ, மூச்சுத்திணறலோ கண்டாலோ, விபூதியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேட்டு, சொந்தப் புத்தியால் யோசித்து நடவுங்கள்.