பூக்காத பீட், பூக்கிற சாமை

ஜவ்வாது மலையைப் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி கூடவே வரும்: "மார்கழியில அங்க அவ்வளவு குளிருதே, சாமை போடுற இடத்துல சுகர் பீட் போட்டா என்ன?" அதாவது சர்க்கரை எடுக்கிற வெள்ளை பீட். நம்ம சமையல் பீட்ரூட்டும் அதே இனம்தான். இன்னைக்கு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன்.

முள்ளங்கி தண்டு விட்டுப் பூத்துட்டா என்ன ஆகும்? கிழங்கு சக்கை. பீட்டும் அப்படித்தான். அது ரெண்டு வருஷப் பயிர். முதல் வருஷம் கிழங்குல சர்க்கரையைச் சேர்க்கும். குளிர்காலம் போனதும், பகல் நீள ஆரம்பிச்சதும், சேர்த்த சர்க்கரையை எல்லாம் செலவழிச்சுப் பூக்கும். விவசாயி முதல் வருஷமே பிடுங்கிடுவார்.

சிக்கல் ஐரோப்பாவுலதான். அங்க வசந்தகாலத் தொடக்கத்துலேயே விதைப்பாங்க. பின்குளிர் சில வாரம் நீடிச்சா, சின்னச் செடி "குளிர்காலம் முடிஞ்சிருச்சு" னு நினைச்சு அதே வருஷம் பூத்துரும். கிழங்கு நார் நாராப் போகும். உதிர்ற விதை பல வருஷம் மண்ணுல கிடந்து களையா முளைக்கும். அதனால பயிர் வளர்ப்பு ஆராய்ச்சியாளர்கள் வேணும்னே சீக்கிரம் விதைச்சு, குளிர்ல காட்டி, பூத்த செடியை எல்லாம் பிடுங்கிப் போட்டாங்க. பூக்காத செடியில இருந்துதான் அடுத்த தலைமுறை. இதையே திரும்பத் திரும்பச் செஞ்சாங்க.

செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு 2010-லதான் தெளிவாச்சு. ரெண்டு மரபணு. ஒண்ணு பூக்கறதைத் தடுக்கும், இன்னொண்ணு தூண்டும். நீண்ட குளிர் முதல்ல சொன்னதை அடக்கிடும். குளிரே இல்லாமப் பூக்கிற காட்டு பீட்டுக்கும் பயிர் பீட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்குக் காரணமான மரபணுவை 2012-ல கண்டுபிடிச்சாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2000-களின் தொடக்கத்துல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சின்ஜென்டா நிறுவனமும் வெப்பமண்டல சுகர் பீட்டை இங்க சோதிச்சுப் பார்த்தாங்க. கரும்புக்கு 10 முதல் 12 மாசம், இதுக்கு அஞ்சாறு மாசம். தண்ணியும் குறைச்சல். சமவெளியில குளிர் கிடையாது. அதனால முன்கூட்டியே பூக்கிற பயமும் கிடையாது.

ஆனா பூக்கலைன்னா விதை எங்கே இருந்து வரும்?

இங்கதான் விஷயம் தலைகீழாகுது. விதைக்குக் குளிர் வேணும். அதுவும் ஒரு ராத்திரிக் குளிர் போதாது, வாரக்கணக்குல வேணும். நடுவுல நல்ல வெயில் அடிச்சா சேர்ந்த குளிரோட பலன் குறைஞ்சு போயிரும். இந்தியாவுல சுகர் பீட் விதை வேலை நடந்த இடம் உத்தராகண்ட்ல, இமயமலைப் பக்கம் இருக்கிற முக்தேஷ்வர். நம்ம பக்கம் 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற ஊட்டியில 'ஊட்டி 1' னு ஒரு பீட்ரூட் ரகத்தை உருவாக்கினாங்க. நீலகிரிக் குளிர்லேயே விதை பிடிக்கிறது அதோட பெரிய பலம். ஜவ்வாது மலை ஊர்கள் பலதும் ஆயிரம் மீட்டரை ஒட்டியோ அதுக்குக் கீழேயோதான் இருக்கு. காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிற இடம் 725 மீட்டர்தான். மார்கழி ராத்திரி நடுங்கினாலும் பகல்ல வெயில் வந்துடும்.

ஆக, அங்க பீட் கிழங்கு விளையலாம், விதைக்கு நம்பி இருக்க முடியாது. குளிர் ஒரு பூட்டுன்னா, இன்னொரு பூட்டும் இருக்கு. சந்தைக்கு வந்த சுகர் பீட் பெரும்பாலும் கலப்பினம். அதுல விதை எடுத்துப் போட்டாலும் அதே மாதிரிப் பயிர் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்கணும்.

சாமையைப் பாருங்க. மழைக்கு விதைச்சா சில மாசத்துல பூத்து, பெரும்பாலும் தன் மகரந்தத்துலேயே மணி பிடிச்சுரும். அறுத்ததுல நல்ல கதிரா எடுத்து வச்சா அடுத்த வருஷ விதை வீட்டுலேயே இருக்கு.

பீட் வேண்டாம்னு நான் சொல்லலை. ஜமுனாமரத்தூர்ல ஒருத்தர் புதுப் பயிர் கொண்டு வந்து கொடுத்தா, "எவ்வளவு விளையும், என்ன விலை போகும்" னு கேக்கறதோட நிக்க வேண்டாம். "இது எங்கே பூக்கும், அந்த விதை யார் கையில இருக்கு?" ன்னும் கேக்கணும். பூக்காத பயிரை உருவாக்க நிறைய உழைச்சிருக்காங்க, அந்த உழைப்பு நமக்கும் பயன்படலாம். விதைக்கான விலையை மட்டும் முன்னாடியே கணக்குல எழுதிடுங்க.